கூடையோடு நிறுத்த மீன்: தொலைவிலிருந்து வெப்பத்தை அளப்பதில் உள்ள சிக்கல்

சித்திரை மாதம், உச்சிவேளை. தனுஷ்கோடி மணலுக்கு மேலே ஒரு செயற்கைக்கோள் கடந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே செருப்பில்லாமல் நிற்க முடியாது. மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸ். செயற்கைக்கோளில் உள்ள அகச்சிவப்புக் கருவி 9 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் அந்த மணலைப் பார்க்கிறது. வந்து சேர்ந்த கதிரை அப்படியே வெப்பநிலையாக மாற்றினால் 41 டிகிரி என்று சொல்லும். கருவியில் கோளாறு இல்லை. நடுவில் இருக்கும் காற்றும் எதையும் விழுங்கவில்லை என்றே கொள்வோம். அப்படியென்றால் 19 டிகிரி எங்கே போனது?

சூடான எந்தப் பொருளும் வெப்பக்கதிரை உமிழ்கிறது. ஒரு வெப்பநிலையில், ஒரு அலைநீளத்தில், அதிகபட்சம் இவ்வளவுதான் உமிழ முடியும் என்று ஒரு உச்சவரம்பு உண்டு. 1900-இல் மாக்ஸ் பிளாங்க் கொடுத்த சமன்பாடு அந்த வரம்பைச் சொல்கிறது. வரம்பை முழுதாக எட்டுகிற கற்பனைப் பொருளுக்குக் கரும்பொருள் என்று பெயர். நிஜப் பொருள்கள் எல்லாம் அதற்குக் கீழேதான் நிற்கின்றன. எவ்வளவு கீழே என்பதைச் சொல்லும் விகிதம்தான் உமிழ்திறன். அது சுழியிலிருந்து ஒன்று வரை இருக்கலாம். குவார்ட்ஸ் மணலுக்கு 9 மைக்ரானை ஒட்டி அது 0.75 அளவுக்கு, சமயத்தில் அதற்கும் கீழே, இறங்கிவிடும். மேலே போட்ட கணக்கு 0.75-ஐ வைத்துப் போட்டது. வானத்திலிருந்து மணலில் பட்டுத் திரும்பும் சிறு கதிரைச் சேர்க்கவில்லை. தனுஷ்கோடி மணலில் சிப்பித் துகளும் கலந்து கிடப்பதால் எண் கொஞ்சம் நகரும். சிக்கல் நகராது.

பாம்பனில் மீனைக் கூடையோடு தராசில் ஏற்றி, கூடையின் எடை யாருக்கும் தெரியாது என்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? தொலைவிலிருந்து வெப்பம் அளப்பது கிட்டத்தட்ட அந்த நிலைமைதான். வருகிற கதிர் வெப்பநிலையும் உமிழ்திறனும் கலந்து வந்த ஒற்றை எண். இரண்டில் ஒன்று தெரிந்தால்தான் மற்றது கிடைக்கும். பல அலைநீளங்களில் அளந்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். தீராது. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளின் ஆஸ்டர் கருவி வெப்ப அகச்சிவப்பில் ஐந்து பட்டைகளில், அதாவது ஐந்து அலைநீளத் துண்டுகளில், பார்த்தது. ஐந்து அளவீடுகள் கிடைக்கும். ஆனால் தெரிய வேண்டியவை ஆறு: ஐந்து பட்டைக்கும் ஐந்து உமிழ்திறன், அதோடு ஒரு வெப்பநிலை. நூறு பட்டை வைத்தால் தெரியாதவை நூற்றொன்று. எத்தனை பட்டை கூட்டினாலும் ஒரு எண் பாக்கி நிற்கும்.

அந்தப் பாக்கியை ஆஸ்டர் குழு எப்படி அடைத்தது என்பதில்தான் ஆய்வகம் உள்ளே வருகிறது. பாறை, மண், இலை, நீர், பனி என்று பலவகை மாதிரிகளை ஆய்வகத்தில் அளந்து பார்த்தார்கள். ஒரு ஒழுங்கு தெரிந்தது. பட்டைக்குப் பட்டை உமிழ்திறன் எவ்வளவு அதிகமாக ஏறி இறங்குகிறதோ, அதன் மிகக் குறைந்த மதிப்பும் அவ்வளவு கீழே இருக்கிறது. இந்த அனுபவ உறவை ஆறாவது சமன்பாடாகச் சேர்த்துக்கொண்டு கணக்கை முடித்தார்கள். ஆக, வானத்திலிருந்து எடுத்த மணல் வெப்பநிலை வரைபடம் ஒவ்வொன்றுக்கும் அடியில், எங்கோ ஒரு அறையில் கிண்ணத்தில் வைத்து அளந்த பொடிகள் இருக்கின்றன.

இது வீட்டிலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றியில் காட்டும் வெப்பமானி கொதிக்கும் அளவுக்குப் போகாது. கடைகளில் கிடைக்கும் தொழிற்சாலை வகை அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும். பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் பாத்திரத்தில் 80 டிகிரி வெந்நீரை ஊற்றி, பாத்திரத்தின் பக்கவாட்டில் காட்டினால் 40 சொச்சம்தான் காட்டும். அதே இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சூடு ஏறியபின் டேப்பில் காட்டினால் 80-ஐ ஒட்டிப் போய்விடும். கருவி தனக்குள் உமிழ்திறன் 0.95 என்று வைத்துக்கொண்டிருக்கிறது. எவர்சில்வருக்கு அது 0.2 கூடத் தேறுவது கஷ்டம். இன்னொன்றும் நடக்கிறது: குறைவாக உமிழும் பரப்பு அதிகமாக எதிரொளிக்கும். கருவி பார்த்த கதிரில் பெரும்பங்கு பாத்திரத்திலிருந்து வந்ததே அல்ல, அடுப்படிச் சுவரிலிருந்தும் உங்கள் கையிலிருந்தும் வந்து பட்டுத் திரும்பியது. இந்த எதிரொளிப்பு விவகாரம் ஆய்வகத்தில் பெரிய தலைவலி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ராமநாதபுரம் கடற்கரை இந்தப் பாடத்துக்கு என்று அடுக்கிவைத்த மாதிரி இருக்கிறது. முதலில் கடல். வெப்ப அகச்சிவப்பில் கடல்நீரின் உமிழ்திறன் 0.98-க்கும் மேல், அதுவும் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுபோல. அதனால்தான் கடல் மேற்பரப்பு வெப்பநிலையை நம்பி, ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் மீன்வளம் கூடும் இடங்களை மீனவர்களுக்குச் சொல்ல முடிகிறது. துல்லியம் எவ்வளவு தேவை என்பதற்கு மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகளைப் பார்க்கலாம். ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் வழக்கமான சராசரியைவிட ஒரு டிகிரி கூடினாலே பவளம் வெளுக்கும் அபாயம் தொடங்குவதாக அமெரிக்காவின் நோவா அமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. 11 மைக்ரானில் உமிழ்திறனை ஒரு சதவீதம் தப்பாக எடுத்துக்கொண்டால் வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி தப்பும். எச்சரிக்கையின் முக்கால்வாசியை அந்த ஒரு சதவீதமே தின்றுவிடும். நல்லவேளை, நீர் அடக்கமான பொருள்.

கரை ஏறியதும் அடக்கம் போய்விடுகிறது. குவார்ட்ஸ் மணல் 8 முதல் 9.5 மைக்ரான் வரை, வரைகோட்டில் ஒரு பெரிய இரட்டைக் குழி விழும் அளவுக்கு உமிழ்திறனை இழக்கிறது. சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பிணைப்பு அந்த அலைநீளங்களில்தான் அதிர்கிறது. அதிர்வு வலுவாக இருக்கும் இடத்தில் பரப்பு கண்ணாடிபோல் எதிரொளிக்கிறது, உமிழ்வது குறைகிறது. பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துப் பவளக்கல் கால்சியம் கார்பனேட். அதற்கு 8, 9 மைக்ரானில் பெரிதாக ஒன்றும் இல்லை. 11 மைக்ரானைத் தாண்டியதும் ஒரு குறுகிய குழி விழும். வலிநோக்கம் உப்பளப் பாத்திகளுக்குப் போனால், கடல்நீர் காய்ந்து அடர்த்தி ஏற ஏற முதலில் கார்பனேட், அப்புறம் ஜிப்சம், கடைசியில்தான் உப்பு படியும். ஜிப்சத்துக்கு 8.7 மைக்ரானை ஒட்டி ஆழமான குழி. உப்புக்கு? ஒன்றுமே இல்லை. சோடியமும் குளோரினும் கனமான, தளர்வாகப் பிணைந்த ஜோடி. அவற்றின் அதிர்வு இந்த எல்லைக்கு வெகு அப்பால், நீண்ட அலைநீளங்களில் நடக்கிறது.

ஆக உமிழ்திறன் வெப்பநிலைக் கணக்கைக் கெடுக்கும் தொல்லை மட்டும் இல்லை. எந்தக் குழி எங்கே விழுகிறது என்று பார்த்தால் அது என்ன கனிமம் என்றே சொல்லிவிடலாம். செவ்வாயைச் சுற்றிய மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தின் டெஸ் என்ற கருவி, மெரிடியானி சமவெளியில் படிக வடிவ ஹேமடைட் இருப்பதை இப்படித்தான் கண்டுபிடித்தது. நீரின் துணையோடு உருவாகக்கூடிய இரும்பு ஆக்சைடு என்பதால் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியை அங்கேயே இறக்கினார்கள். 2004 ஜனவரியில் இறங்கிய அது, காலடியிலேயே குட்டிக் குட்டி ஹேமடைட் உருண்டைகளைக் கண்டது. செவ்வாய் முழுக்கப் பரவிய சிவப்புத் தூசியிலும் இரும்பு ஆக்சைடு உண்டு. ஆனால் அந்த நுண்தூசி இந்தக் குழிகளைக் காட்டாது, பெரிய படிகங்கள்தான் காட்டும். வெறும் நிறத்தை வைத்துத் தேடியிருந்தால் கிரகம் முழுவதுமே ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

சரி, ஆய்வகத்தில் இதை எப்படி அளக்கிறார்கள்? கல்லைச் சூடுபண்ணி, கதிரை அலைநீளவாரியாக அளக்கும் நிறமாலைமானியில் காட்டினால் போதாதா? அங்கேதான் வேடிக்கை. 10 மைக்ரானைச் சுற்றிய அலைநீளங்களில், அறை வெப்பநிலையில் இருக்கும் எல்லாமே ஒளிர்கிறது. சுவர், மேசை, நிறமாலைமானியின் உள்ளே இருக்கும் ஆடிகள், அளக்கிற ஆள் எல்லாம். கல்லின் வெப்பநிலையும் அறையின் வெப்பநிலையும் ஒன்றாகவே இருந்தால் உமிழ்திறனை அளக்கவே முடியாது. கல் குறைவாக உமிழ்ந்த பங்கை, அது எதிரொளிக்கும் சுவரின் கதிர் அப்படியே இட்டு நிரப்பிவிடும். குவார்ட்ஸும் எவர்சில்வரும் கரித்தூளும் ஒரே கரும்பொருளாகத் தெரியும். 1859-60 வாக்கில் கிர்காஃப் சொன்ன விதியின் நேரடி விளைவு இது: நன்றாக உட்கவர்வது நன்றாக உமிழும், சமநிலையில் உமிழ்வையும் எதிரொளிப்பையும் கூட்டினால் வித்தியாசமே மிஞ்சாது.

எனவே வித்தியாசத்தை வலிந்து உண்டாக்க வேண்டும். மாதிரியைச் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக்கு, அல்லது சுற்றுப்புறத்தைக் குளிரவை, முடிந்தால் இரண்டையும் செய். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருப்பெற்று, பிற்பாடு பலரும் பின்பற்றிய முறையில் மாதிரி 80 டிகிரிக்குச் சூடாகும். மாதிரியைச் சுற்றிய அறையின் சுவரில் நீர் ஓடி அதன் வெப்பநிலையை நிலையாக வைத்திருக்கும். சுவர் எவ்வளவு உமிழ்கிறது என்பது தெரிந்த எண்ணாக இருந்தால் கழித்துவிடலாம். நிறமாலைமானியின் சொந்த ஒளிர்வைக் கழிக்க இரண்டு செயற்கைக் கரும்பொருள்கள், ஒன்று 70 டிகிரியில், மற்றது 100 டிகிரியில். ஒவ்வொன்றும் உட்புறம் கறுப்பு பூசிய ஆழமான குழிவு. உள்ளே போன கதிர் பலமுறை மோதி வெளியே வராமலே தீர்ந்துவிடுவதால், உமிழ்திறன் ஏறக்குறைய ஒன்று. இரண்டையும் மாறிமாறிப் பார்த்தால் கருவி தானாக எவ்வளவு ஒளிர்கிறது, வெளியிலிருந்து வருவதற்கு எவ்வளவு எதிர்வினை காட்டுகிறது என்ற இரண்டும் கிடைக்கும்.

காற்றில் உள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் தங்கள் பங்குக்குக் கோடு கிழிக்கும் என்பதால், பாதை முழுவதையும் உலர்ந்த நைட்ரஜனால் நிரப்புவார்கள், அல்லது வெற்றிடமாக்குவார்கள். கடலோரத்தில் இப்படி ஓர் ஆய்வகம் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இத்தகைய நிறமாலைமானிகளில் கதிரை இரண்டாகப் பிரிக்கும் பகுதி பெரும்பாலும் பொட்டாசியம் புரோமைடால் ஆனது. அதுவும் ஓர் உப்புதான். மண்டபத்துக் காற்றில் ஜன்னலைத் திறந்துவைத்தால் ஈரம் குடித்து மங்கிப்போகும். ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களும் ஓயாத ஏசியும் இல்லாமல் அங்கே அதைக் காப்பாற்ற முடியாது.

இவ்வளவு செய்தும் மையச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிண்ணத்துப் பொடியின் வெப்பநிலை எவ்வளவு? உள்ளே ஒரு வெப்பமின்னிரட்டையை (வெப்பநிலை அளக்கும் கம்பி) செருகினால் அது உட்புறத்தின் வெப்பநிலையைச் சொல்லும். கதிரை உமிழ்வது மேலே இருக்கும் மெல்லிய படலம். அது எப்போதும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். எனவே ஆய்வகமும் ஓர் அனுமானத்தில் சாய்கிறது. சிலிக்கானும் ஆக்சிஜனும் அடிப்படையான சிலிக்கேட் கனிமங்களில் பெரும்பாலானவற்றுக்கு 7.4 முதல் 9 மைக்ரானுக்குள் ஓரிடத்தில் ஒளிவிலகல் எண் ஒன்றை நெருங்கும். அங்கே சிதறலும் எதிரொளிப்பும் மிகக் குறைந்து, உமிழ்திறன் ஒன்றைத் தொட்டுவிடும். கிறிஸ்டியன்சன் புள்ளி என்று இதற்குப் பெயர். அங்கே உமிழ்திறன் 1 என்று வைத்துக்கொண்டு வெப்பநிலையைக் கணக்கிட்டு, அதை மற்ற அலைநீளங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். கூடையின் எடை இன்னமும் ஊகம்தான். ஆனால் நல்ல ஆதாரமுள்ள ஊகம்.

சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்தது இதுதான். சூடாக்கவே வேண்டாம். உள்ளே தங்கம் பூசிய ஒரு கோளத்தில் மாதிரியை வைத்து, அது எல்லாத் திசையிலும் திருப்பி அனுப்பும் கதிரையெல்லாம் திரட்டி அளக்க வேண்டும். ஒளி ஊடுருவாத பொருளென்றால் எதிரொளிக்காத மிச்சம் உட்கவரப்பட்டது; கிர்காஃப் விதிப்படி அதுவே உமிழ்திறன். வெப்பநிலை கணக்கிலேயே வராது. இரண்டு முறையும் ஒரே விடை தந்தால் நிம்மதி.

நிலவு இந்த நிம்மதியைக் கெடுக்கிறது. அங்கே காற்றில்லை. பூமியில் மணல் துகள்களுக்கு நடுவில் இருக்கும் காற்று வெப்பத்தைக் கடத்தி, மேற்பரப்பையும் சற்றுக் கீழேயும் ஏறத்தாழ ஒரே சூட்டில் வைத்திருக்கும். நிலவின் நுண்தூளில் சூரிய ஒளி கொஞ்சம் ஆழம்வரை புகுந்து சூடாக்கும். மேல்படலமோ குளிர்ந்த விண்வெளியைப் பார்த்து வேகமாக வெப்பத்தை இழக்கும். தலைமுடியின் தடிமனைப் போலச் சில மடங்கு ஆழத்துக்குள்ளேயே பல டிகிரி வித்தியாசம் வந்துவிடும். ஒவ்வொரு அலைநீளமும் வெவ்வேறு ஆழத்திலிருந்து வருவதால், ஒற்றை வெப்பநிலை என்ற பேச்சே அர்த்தமற்றுப் போகிறது. கிறிஸ்டியன்சன் புள்ளி கூர்மையாகி, குறைந்த அலைநீளத்தை நோக்கி நகர்கிறது. இதை 1970 வாக்கிலேயே ஆய்வகத்தில் கண்டுவிட்டார்கள். தங்கக் கோளம் இங்கே உதவாது. மாதிரி முழுக்க ஒரே வெப்பநிலையில் இருந்தால்தான் அந்த விடை செல்லும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே வெற்றிடக் கலம் உண்டு. உறையைத் திரவ நைட்ரஜனால் குளிரவைத்து, மேலிருந்து சூரியனைப்போல ஒரு விளக்கு, கீழிருந்து சூடு என்று நிலவின் நிலைமையை உண்டாக்கி, அப்போலோ கொண்டுவந்த மண்ணையே அளந்திருக்கிறார்கள்.

நிலவைச் சுற்ற 2009-இல் ஏவப்பட்ட நாசாவின் எல்ஆர்ஓ விண்கலத்தின் டிவைனர் கருவி, 8 மைக்ரானைச் சுற்றி மூன்று பட்டைகளை வைத்தே இந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று நிலவு முழுக்கத் தேடியது. ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிர்நிறக் கனிமம் நிறைந்த மேட்டுநிலத்தில் அது ஓரிடம், கருநிற எரிமலைப் பாறையான பாசால்ட் சமவெளியில் இன்னோரிடம். க்ரூய்ட்ஹூய்சன் குன்றுகள் போன்ற சில இடங்களில் சிலிக்கா அதிகம் என்பதும் அப்படித் தெரிந்ததுதான். அந்த மேட்டுநிலப் பாறைக்கு உறவான அனார்தோசைட் நம் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. சந்திரயான்-2 சோதனைக்காக இஸ்ரோ அதைப் பொடியாக்கி நிலவுமண் செய்தது.

சந்திரயான்-1 விவகாரத்தில் உமிழ்திறன் நேரடியாகவே குறுக்கிட்டது. அதில் சென்ற எம்3 கருவி 3 மைக்ரானை ஒட்டி நீரின், அல்லது ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடியான ஹைட்ராக்சிலின் குழியைக் கண்டதாக 2009-இல் அறிவித்தார்கள். ஆனால் நிலவின் பகலில் அந்த அலைநீளத்தில் இரண்டு வகைக் கதிர் கலந்து வரும்: எதிரொளித்த சூரிய ஒளி, நிலவே உமிழும் வெப்பக்கதிர். வெப்பப் பங்கைக் குறைவாகக் கழித்தால் மிச்சம் குழியை நிரப்பிவிடும். நண்பகலில் நீர் காணாமல் போனதுபோலத் தெரியும். கூடுதலாகக் கழித்தால் இல்லாத நீர் தோன்றும். நாளின் வேளைக்கு ஏற்ப நிலவின் நீர் கூடிக் குறைகிறதா என்ற வாதம் பல ஆண்டுகள் நடந்தது. 2018-இல் வேறொரு வெப்ப மாதிரியை வைத்து அதே தரவை மறுபடி கணக்கிட்ட குழு, குழி எல்லா அட்சரேகையிலும் எல்லா வேளையிலும் இருக்கிறது என்றது. தரவு மாறவில்லை, கழித்த எண்தான் மாறியது. என் பார்வையில் இந்தத் துறையின் முக்கியத்துவத்துக்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

சூடான கிரகங்களில் வேறு தொல்லை. புதனின் பகல் 430 டிகிரியை எட்டும். அந்தச் சூட்டில் படிகம் விரிந்து, குழிகள் நீண்ட அலைநீளத்தை நோக்கி நகரும். அறை வெப்பநிலையில் எடுத்த பட்டியலோடு ஒப்பிட்டால் வேறு கனிமம் என்று தவறாக எழுதிவிடுவோம். பெர்லினில் ஜெர்மன் விண்வெளி மையமான டிஎல்ஆர் நடத்தும் ஆய்வகம் இதற்காகவே மாதிரிகளைத் தூண்டுமின்னோட்ட அடுப்பில் அந்த அளவுக்குச் சூடேற்றி, வெற்றிடத்தில் அளக்கிறது. 2018-இல் புதனுக்குக் கிளம்பிய பெபிகொலம்போ விண்கலத்தின் மெர்டிஸ் கருவி 7 முதல் 14 மைக்ரான் வரை பார்க்கும். 2024 டிசம்பர் 1 அன்று கடந்துபோகிற போக்கில் புதனை ஒருமுறை பார்த்தும்விட்டது. வெள்ளிக் கிரகத்தில் மேகம் 1 மைக்ரானை ஒட்டிய சில அலைநீள இடுக்குகளில் மட்டும் வழிவிடுகிறது. அங்கே 735 கெல்வின் சூட்டில் வெப்பநிலை ஒரு டிகிரி தப்பினால் உமிழ்திறன் கிட்டத்தட்ட 3 சதவீதம் தப்பும். நல்லவேளையாக வெள்ளியில் உயரம் தெரிந்தால் வெப்பநிலையும் தெரிந்த மாதிரி. கிலோமீட்டருக்குச் சுமார் 8 டிகிரி குறையும்.

கடைசியாக, எந்த அடையாளமும் காட்டாத உப்பு. 2001-இல் ஏவப்பட்ட மார்ஸ் ஒடிசியின் தெமிஸ் கருவி எடுத்த படங்களில், செவ்வாயின் தெற்கு மேட்டுநிலத்தில் ஏறத்தாழ 200 இடங்களில் விசித்திரமான ஒரு நிறமாலை தெரிந்தது. குழி எதுவும் கிடையாது. அலைநீளம் கூடக் கூட உமிழ்திறன் சீராகச் சரிந்துகொண்டே போனது. 2008-இல் வெளியான விளக்கம் இது: அந்தச் சரிவு தரையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. எங்காவது ஓரிடத்தில் உமிழ்திறன் 1-ஐத் தொடும் என்று கணக்கு நம்புகிறது. உப்பு கலந்த தரை அந்த எல்லையில் எங்குமே 1-ஐத் தொடுவதில்லை, எல்லா அலைநீளத்திலும் சற்றுக் குறைவாகவே நிற்கிறது. கணக்கு உடனே வெப்பநிலையைக் குறைத்து எடுத்துக்கொள்கிறது. தப்பான வெப்பநிலையை வைத்து வகுத்ததும் தட்டையான கோடு சாய்ந்துவிடுகிறது. வழக்கமான சிலிக்கேட் பாறைக்குக் கைகொடுத்த அதே அனுமானம் உடைந்த விதத்தை வைத்தே குளோரைடு உப்பைக் கண்டுபிடித்தார்கள். இந்த இடங்கள் பலவும் தாழ்வான பள்ளங்களில் இருப்பதால், நீர் தேங்கி வற்றியதன் மிச்சம் என்று கருதுகிறார்கள்.

அப்புறம் ஆய்வகங்களில் உப்பையும் பாசால்ட் பொடியையும் பல விகிதங்களில், பல துகள் அளவுகளில் கலந்து அளந்தார்கள். செவ்வாயின் சாய்வோடு பொருந்தியவை உப்பு சிறுபங்காகவும் சிலிக்கேட் துகள் பெரும்பங்காகவும் இருந்த கலவைகள். வலிநோக்கத்தில் வாரிக் குவிக்கும் வெள்ளைக் குவியல் போன்ற உப்பு அங்கே தேவையே இல்லை. மண்ணோடு கலந்த கொஞ்சம் உப்பு இருந்தாலே தெமிஸ் பார்த்த சாய்வு வந்துவிடும்.